பீட்டல் காரின் கதவுச் சாவி தொலைந்துவிட்டது, பூட்டை உடைக்காமல் புதுச் சாவி செய்ய முடியுமா? (பினாங்கு)

ஆயர் ஈத்தாம் வோல்க்ஸ்:
வணக்கம். அப்பா ஓட்டிய 1972 வோல்க்ஸ்வேகன் பீட்டல் இப்போது என்னிடம் இருக்கிறது. கதவுச் சாவி பசாரில் எங்கோ விழுந்துவிட்டது, மாற்றுச் சாவியும் கிடையாது. ஸ்டார்ட் பண்ணுகிற சாவி வேறு, இக்னிஷன் சுவிட்சை முன்பே மாற்றியிருக்கிறார்கள், அதனால் வண்டி ஓடுகிறது. ஆனால் இடது கதவைப் பூட்டாமல் விட்டு, அந்தப் பக்கமாக ஏறி, உள்ளேயிருந்து கையை நீட்டி டிரைவர் கதவின் குமிழைத் தூக்கித்தான் திறக்க வேண்டியிருக்கிறது. பிளாட்டுக்குக் கீழே இரவு முழுக்க வண்டி திறந்தே நிற்கிறது, எனக்குத் தூக்கமே வரவில்லை. சாவிக் கடையில் கேட்டால், பூட்டை டிரில் பண்ணி எடுத்துவிட்டு வேறு கைப்பிடி போடு என்கிறார்கள். அந்தக் கைப்பிடி வண்டியோடு வந்தது, குரோம் இன்னும் நன்றாக இருக்கிறது, அதில் ஓட்டை போட மனசு வரவில்லை. வேறு வழி இருந்தால் சொல்லுங்கள்.

பட்டர்வொர்த் போர்மன்:
டிரில் வேண்டவே வேண்டாம் தம்பி. அந்தக் காலத்துக் கைப்பிடி போனால் போனதுதான், இப்போது வருகிற நகல் சாமானில் குரோம் மெல்லிசு, நம் கடற்காற்றுக்குச் சீக்கிரம் புள்ளி விழுந்துவிடும்.

டிரைவர் கதவை உள்ளேயிருந்து திறந்துகொள். கதவின் விளிம்பில், லாக் இருக்கும் பக்கம், ரப்பரை லேசாக ஒதுக்கிப் பார்த்தால் ஒரு ஸ்க்ரூ தெரியும். அதைக் கழற்றிவிட்டுக் கைப்பிடியின் பின்பக்கத்தை வெளியே இழுத்தால் முன்பக்கமும் கழன்று வந்துவிடும். சாவி நுழைகிற பூட்டு உருளையைப் பிரிக்கும்போது சின்ன ஸ்பிரிங் தெறிக்கும், கீழே ஒரு துணியை விரித்துக்கொள். கைப்பிடியின் உள்பக்கத்திலோ உருளையிலோ எழுத்தும் எண்ணும் குத்தியிருக்கும், அதுதான் சாவி நம்பர். நம்பர் சரியாகத் தெரிந்தால் பழைய கார் சாவி வெட்டத் தெரிந்தவர் அதை வைத்தே வெட்டிவிடுவார்.

ஜெலுத்தோங் மோகன்:
லோரோங் குலிட் பழைய சாமான் சந்தைக்குக் காலையில் போனால் பழைய சாவிகள் குவியலாகக் கிடக்கும், அதில் ஒன்று சேராதா?

பட்டர்வொர்த் போர்மன்:
மோகன், பொருந்தாத சாவியை விட்டு முறுக்கினால் உள்ளே இருக்கிற தகடு வளைந்துவிடும், அப்புறம் சரியான சாவி வந்தாலும் திரும்பாது. வெட்டாத பிளாங்க் சாவி கிடைத்தால் வாங்கலாம், ஆனால் சாவித் துவாரத்தின் பள்ளமும் மேடும் அதில் அப்படியே இருக்க வேண்டும்.

ஆயர் ஈத்தாம் வோல்க்ஸ்:
அண்ணே, கழற்றிவிட்டேன். எழுத்து தெரிகிறது, ஆனால் கடைசி எண் தேய்ந்துபோயிருக்கிறது, மூன்றா எட்டா என்று புரியவில்லை.

பட்டர்வொர்த் போர்மன்:
அந்த இடத்தை நன்றாகத் துடைத்துக் காயவிடு. வெள்ளைச் சாக்கட்டியைத் தேய்த்து, விரலால் மேலாகத் துடைத்துவிட்டு, டார்ச்சைப் பக்கவாட்டில் அடித்துப் பார். பள்ளத்தில் சாக் நிற்கும், எண் தெரிந்துவிடும். அப்படியும் தெரியாவிட்டால் உருளையையே சாவிக்காரரிடம் கொண்டுபோ. உள்ளே மெல்லிய தகடுகள் வரிசையாக ஸ்பிரிங்கில் நிற்கும். சரியான சாவி நுழைந்தால் எல்லாம் உருளையோடு மட்டமாகப் படியும், அப்போதுதான் அது திரும்பும். எந்தத் தகடு எவ்வளவு இறங்க வேண்டும் என்று பார்த்துப் பார்த்து பிளாங்கை அரம் போட்டு இறக்குவார்கள். கம்ப்யூட்டர் சாவி மட்டும் செய்கிற கடைக்குப் போகாதே, வயசான ஆளாகப் பார்.

சுங்கை டுவா செல்வி:
கிரானையும் (வண்டியின் பதிவுப் பத்திரம்) ஐசியையும் (அடையாள அட்டை) மறக்காமல் எடுத்துப் போங்கள். வண்டி யாருடையது என்று தெரியாமல் நல்ல கடைக்காரர் சாவி வெட்டமாட்டார், அதுவும் நமக்கு நல்லதுதான்.

ஆயர் ஈத்தாம் வோல்க்ஸ்:
சாவி வந்துவிட்டது! சாக் வைத்துப் பார்த்ததில் எட்டுதான். கடைக்காரர் உருளையையும் வாங்கித் தகடுகளோடு ஒத்துப் பார்த்துவிட்டுத்தான் வெட்டினார். டிரைவர் கதவு, இடது கதவு இரண்டுமே அதே சாவியில் பூட்டுகிறது. கைப்பிடியில் ஒரு கீறல் இல்லை. போர்மன் அண்ணனுக்கு ரொம்ப நன்றி. இன்னொரு சாவியும் வேண்டும், பக்கத்துக் கடையிலேயே இதை நகல் எடுத்துவிடவா?

பட்டர்வொர்த் போர்மன்:
அதே ஆளிடம் நம்பரை வைத்தே வெட்டச் சொல். நகலில் இருந்து நகல் எடுத்தால் கொஞ்சம் கொஞ்சமாக அளவு தள்ளிப்போகும். நம்பரை வீட்டில் எழுதி வை, வண்டிக்குள் வேண்டாம். அப்புறம் பூட்டில் கிரீஸ் வைக்காதே, தூசி ஒட்டிக்கொள்ளும், கிராபைட் தூள் கொஞ்சம் ஊதிவிட்டால் போதும்.