வெளிநாட்டில் கற்பித்துவிட்டுத் திரும்பும் ஆசிரியர்: என்ன காகிதம் வேண்டும், வகுப்பில் எது இடிக்கும்?

கேள்வி:
ஆறு வருடம் வெளிநாட்டில் ஆங்கிலம் கற்பித்த பிறகு, அடுத்த கல்வியாண்டில் சொந்த நாட்டுப் பள்ளியில் சேரவேண்டும். கிளம்பும் முன் எவற்றை வாங்கி வைப்பது? முதல் பருவத்தில் எங்கே சறுக்கும்?

பதில் 1:
காகிதம்தான் முதலில். "இங்கே பணியாற்றினார்" என்று ஒற்றை வரியில் எழுதிக்கொடுத்தால் வாங்காதீர்கள். சேர்ந்த தேதி, விலகிய தேதி, பாடம், வகுப்பு, முழுநேரமா பகுதிநேரமா, வாரத்துக்கு எத்தனை பாடவேளை, எல்லாம் லெட்டர்ஹெட்டில் முத்திரையோடு இருக்கட்டும். பணிமூப்பு கணக்கிடும்போது இதில் ஒன்று விடுபட்டாலும் இழுபறிதான். அப்போஸ்டில் முத்திரையை, அதாவது ஆவணத்தில் உள்ள கையெழுத்தும் முத்திரையும் உண்மையானவை என்று வேறு நாட்டுக்குக் காட்டும் சான்றை, ஆவணம் வழங்கிய நாடுதான் போட முடியும். கிளம்பும் முன்பே வாங்காவிட்டால், திரும்பி வந்தபின் கூரியரில் அனுப்பி அலைய நேரும். அந்த நாடு இந்த முத்திரைக்கான 1961 ஹேக் உடன்படிக்கையில் இல்லையென்றால் தூதரகச் சான்றொப்பம். காவல்துறை நற்சான்றை மட்டும் ரொம்ப முன்னதாக எடுக்காதீர்கள், பழையது என்று திருப்பிவிடுவார்கள்.

பதில் 2:
வகுப்பில் முதலில் இடிப்பது உங்கள் பேச்சு. அந்நிய மொழியாகக் கற்றவர்களுக்காகச் சொற்களைக் குறைத்து, நிறுத்தி நிறுத்தி, கையை ஆட்டிப் பேசிய பழக்கம் ஒட்டிக்கொண்டே வரும். சரளமாகப் பேசும் பிள்ளைகளுக்கு அது தங்களை மட்டம் தட்டுவதுபோல் இருக்கும். பத்து நிமிடப் பாடத்தைப் போனில் பதிவுசெய்து கேளுங்கள். ஒரே கட்டளையை எத்தனை முறை திருப்பிச் சொல்கிறீர்கள் என்று எண்ணினாலே போதும்.

அடுத்தது மதிப்பெண். கடைசி மூன்று வருட வினாத்தாளையும் விடைக்குறிப்பையும் வாங்கி, ஐந்து விடைத்தாளை நீங்கள் திருத்துங்கள். அதே ஐந்தையும், உங்கள் மதிப்பெண்ணைக் காட்டாமல், சக ஆசிரியரிடம் கொடுங்கள். வித்தியாசம் எங்கே விழுகிறதென்று பார்த்தால் பள்ளியின் அளவுகோல் பிடிபடும். பெற்றோர் கேட்கும்வரை காத்திருந்தால் தாமதம். பாடவேளை 60 நிமிடத்திலிருந்து 40 ஆனால் எல்லாவற்றையும் சுருக்காதீர்கள், ஒரு செயல்பாட்டை முழுசாக வெட்டுங்கள்.

பதில் 3:
மேலே சொன்னதெல்லாம் சரி, ஆனால் ஆசிரியர் அறையை விட்டுவிட்டீர்கள். "அங்கே இப்படிச் செய்வோம்" என்பதை முதல் பருவத்தில் வாயிலிருந்து எடுத்துவிடுங்கள். செய்முறை நல்லதென்றால் ஊர்பேர் சொல்லாமல் செய்து காட்டலாம். 1963-லேயே ஆய்வாளர்களான கல்லஹார்ன் தம்பதியர், வெளிநாடு போகும்போது வரும் மனநிலை ஏற்ற இறக்கம் திரும்பும்போதும் இன்னொரு முறை வரும் என்று 'W' வடிவில் வரைந்தார்கள். எல்லாருக்கும் அப்படியே நடக்காது. ஆனாலும் திரும்பிய சந்தோஷம் வடிந்து மனம் கீழே போகும் வாரங்களில் ராஜினாமா எழுதாதீர்கள், மறுபடி வெளிநாட்டு ஒப்பந்தத்திலும் கையெழுத்துப் போடாதீர்கள்.