கொலராடோ பனிமலையில் ஸ்னோமொபைல்: எங்கே விடலாம், எங்கே விடக்கூடாது?

வெள்ளவத்தைப் பொடியன்:

எல்லோருக்கும் வணக்கம். பெப்ரவரியில் இரண்டு கிழமைக்கு டென்வரில் இருக்கும் என் மச்சான் வீட்டுக்குப் போகிறேன். போன முறை அங்கே ஒரு ரிசோர்ட்டில் பனிச்சறுக்குப் பழகினேன். நீலக்குறி போட்ட நடுத்தரச் சரிவுகளில் விழாமல் இறங்குவேன். இந்த முறை லிஃப்ட் இல்லாத மலைக்குக் கூட்டிப்போவதாக மச்சான் சொல்கிறான். அவனுடைய சிநேகிதனிடம் ஸ்னோமொபைல் (பனியில் ஓடும் மோட்டார் வண்டி) இருக்கிறதாம். அதில் மேலே ஏறுவது, சறுக்கி இறங்குவது, திரும்ப ஏறுவது, இப்படி ஒரே நாளில் எட்டுப் பத்துத் தடவை போகலாம் என்கிறான். இடம் வேல் பாஸ் என்ற மலைக் கணவாய்.

அது அரசாங்கக் காணி என்று கேள்விப்பட்டேன். அங்கே மோட்டார் வண்டியை நினைத்த இடத்தில் விடலாமா? "பனி விழுந்தால் றோட்டும் இல்லை, சட்டமும் இல்லை" என்கிறான் மச்சான். எனக்கு மனம் ஒப்பவில்லை. தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

இராமகிருஷ்ணா றோட் அக்கா:

தம்பி, மச்சான் சொல்வது பிழை. கொழும்புக்குத் திரும்பி வருமுன் நான் ஒன்பது வருடம் அந்த மாநிலத்தில் இருந்தேன். அதில் ஆறு குளிர்காலம் அந்த மலைகளில் நடந்தே ஏறியிருக்கிறேன்.

வேல் பாஸ் (பெயரைக் கேட்கும்போதெல்லாம் எனக்கு ஆடிவேல் ஞாபகம்தான்) வைட் ரிவர் தேசிய வனத்தில், சுமார் 3,250 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. அங்கே 22,000 ஹெக்டேயர் அளவு நிலத்தைக் குளிர்கால விளையாட்டுக்கு ஒதுக்கி, பிரித்து வைத்திருக்கிறார்கள். ஒரு பகுதியில் ஸ்னோமொபைல் ஓடலாம். ஒரு பகுதி நடந்து போகிறவர்களுக்கும் ஸ்கீயில் (சறுக்குப் பலகையில்) போகிறவர்களுக்கும் மட்டும். மூன்றாவதுதான் உங்கள் மச்சான் சொல்வது: குறித்த பாதையில் மட்டும் வண்டி ஏறலாம், அதைவிட்டு விலகக் கூடாது, இறங்குவது ஸ்கீயில். குளிர்காலத்தில் உள்ளே போகக் கட்டணமும் உண்டு.

சட்டம் புதிதும் இல்லை. 1964ஆம் ஆண்டின் வனாந்தரச் சட்டம், வனாந்தரம் என்று அறிவித்த இடங்களில் மோட்டாரை அடியோடு தடுத்தது. சைக்கிளுக்கும் அங்கே இடமில்லை. 1972இல் ஜனாதிபதி நிக்சன் ஒரு கட்டளை போட்டார்: பொதுக் காணியில் வண்டிக்கு இடம் ஒதுக்கும்போது மண்ணுக்கும் செடிகொடிக்கும் சேதம், விலங்குகளுக்குத் தொல்லை, மற்றவர்களோடு பிணக்கு, இவற்றை முடிந்தவரை குறைக்க வேண்டும். 2005இல் வன இலாகா, வரைபடத்தில் குறித்த பாதையிலும் இடத்திலும் மட்டுமே வண்டி ஓடலாம் என்று விதி செய்தது. ஆனால் பனி வண்டிகளை அந்தந்த வனத்தின் விருப்பத்துக்கு விட்டுவிட்டார்கள். மச்சானின் எண்ணம் அந்தக் காலத்து எண்ணம். 2013இல் நீதிமன்றம் அந்த விலக்கு செல்லாது என்றது. 2015இல் பனி வண்டிகளுக்கும் விதி வந்துவிட்டது. ஆகவே வன இலாகாவின் குளிர்கால வரைபடத்தை முதலில் எடுத்துப் பாருங்கள், இலவசம்தான்.

இனி சட்டத்தைத் தாண்டி ஒன்று சொல்ல வேண்டும். ஸ்கீயின் அடியில் ஒரு துணிப்பட்டை ஒட்டித்தான் மேலே ஏறுவோம். முன்னோக்கித் தடவினால் வழுக்கும், பின்னோக்கித் தடவினால் பூனை முதுகு மயிரை எதிர்ப்பக்கம் தடவினதுபோல் மறித்து நிற்கும். அதனால்தான் பின்னுக்கு வழுக்காமல் அடி அடியாக ஏற முடிகிறது. ஏறும் இரண்டு மணி நேரமும் கால் பனியைப் படித்துக்கொண்டே இருக்கும். மேலே காற்று அடித்து இறுகின பலகை, அதற்குக் கீழே சீனிபோல் உதிரும் பனி. சில நேரம் காலடியில் "வும்ப்" என்று ஒரு சத்தம் வந்து, சுற்றியுள்ள பனி முழுவதும் ஓர் அங்குலம் இறங்கும். மேலே உள்ள பனி உடைந்து சரியலாம் என்பதற்கு அது அறிகுறி, அது வந்தால் நாங்கள் அந்தச் சரிவை விட்டுத் திரும்பிவிடுவோம். வண்டியில் உச்சிக்குப் போகிறவனுக்கு அந்த எச்சரிக்கை ஒன்றும் கிடைப்பதில்லை. பனிச்சரிவு பெரும்பாலும் 30 முதல் 45 பாகை வரையான சரிவில்தான் வரும். சறுக்குவதற்கு ஆசையான சரிவும் அதுதான்.

ஒரு மார்ச் காலையில், நடப்பவர்களுக்கென்று ஒதுக்கின ஒரு சரிவின் கீழே நானும் தோழியும் ஏறிக்கொண்டிருந்தோம். பனி முயலின் தடம் ஒன்று எங்கள் பாதையைக் குறுக்கே வெட்டிப் போயிருந்தது, குனிந்து பார்த்துக்கொண்டிருந்தேன். திடீரென்று தலைக்கு மேலே இயந்திர இரைச்சல். இரண்டு வண்டிகள் எங்களுக்கு நேர் மேலே சரிவைக் குறுக்கறுத்துப் போயின. பனி உடையவில்லை. ஆனால் உடைந்திருந்தால் அதன் கீழே நாங்கள். இப்போது நினைத்தாலும் கை குளிர்கிறது.

ஹோட்டன் சமவெளிக்குப் போயிருப்பீர்கள். ஃபார் இன் என்ற கட்டிடம் வரைக்கும்தான் வாகனம், அதற்கு அப்பால் உலக முடிவு வரை நடைதான். அந்த நடையில் ஒரு மரை தலை தூக்கிப் பார்த்தால் உங்கள் மூச்சு உங்களுக்கே கேட்கும். பனிமலையிலும் நான் தேடிப்போனது அதைத்தான்.

கொட்டாஞ்சேனை ஜீப்:

அக்கா சொல்வதை மறுக்கவில்லை, ஆனால் ஒரு பக்கம் விடுபட்டுவிட்டது. என் அப்பாவுக்கு இரண்டு முழங்காலும் போய்விட்டது. ஜீப் இல்லையென்றால் அவர் காட்டையே பார்த்திருக்க மாட்டார். பொதுக் காணி என்றால் நடக்க முடிந்தவர்களுக்கு மட்டுமா? அதோடு அங்கே ஸ்னோமொபைல்காரர்கள் வண்டிப் பதிவுக்குக் கட்டும் காசில்தான் பாதைகளைச் செப்பனிடுகிறார்கள். அந்தப் பாதையில் ஸ்கீக்காரரும் போகிறார்கள்.

இராமகிருஷ்ணா றோட் அக்கா:

தம்பி, இரண்டும் சரி. அந்தக் காசின் பயனை நானும் அனுபவித்தவள். வண்டிக்கு இடமே கூடாது என்று நான் சொல்ல மாட்டேன், அப்பாவைப் போன்றவர்களுக்கு அந்தப் பாதைகள் வேண்டும். வனாந்தரச் சட்டம் உள்ள இடத்திலும் சக்கர நாற்காலிக்குத் தடை இல்லை, 1990இல் வந்த சட்டம் அதைத் தெளிவாக்கியது. ஆனால் ஒரு கணக்கைப் பாருங்கள். நான் ஒரு நாளில் ஏறி இறங்குவது ஒரு பள்ளத்தாக்கு. ஒரு வண்டி காலைச் சாப்பாட்டுக்கு முன் ஐந்து பள்ளத்தாக்கைச் சுற்றிவிடும். பிரித்து வைக்காவிட்டால் மிச்சமிருக்கும் ஒரே அமைதியான பள்ளத்தாக்கும் பத்து மணிக்குள் போய்விடும். அந்த அமைதி விலங்குகளுக்கும் வேண்டும். கொலராடோவில் அற்றுப்போன லிங்ஸ் என்ற காட்டுப் பூனையை 1999இல்தான் திரும்பக் கொண்டுவந்து விட்டார்கள். பனி முயலை நம்பித்தான் அது குளிர்காலத்தைக் கடத்துகிறது.

வெள்ளவத்தைத் தம்பிக்கு: ரிசோர்ட்டில் இறங்கின பழக்கம் அங்கே போதாது. பீக்கன் (புதைந்தவர் இருக்கும் இடத்தைச் சமிக்ஞையால் காட்டும் கருவி), பனியில் குத்தித் தேடும் நீளக் கம்பி, தோண்டச் சவள், மூன்றும் ஆளுக்கு ஒவ்வொன்று வேண்டும், பாவிக்கவும் பழகியிருக்க வேண்டும். பனிக்குள் புதைந்தவரைப் பதினைந்து நிமிடத்துக்குள் தோண்டி எடுக்க வேண்டும். உதவிக்கு வெளியாட்கள் அதற்குள் வந்து சேர மாட்டார்கள், பக்கத்தில் நிற்கும் மச்சான்தான் எல்லாம். போகிற நாள் காலையில் கொலராடோ பனிச்சரிவுத் தகவல் நிலையத்தின் அறிக்கையை வாசியுங்கள்.

வெள்ளவத்தைப் பொடியன்:

அக்கா, மிகவும் நன்றி. நேற்றிரவு மச்சானோடு கதைத்தேன். அவனிடம் பீக்கன் ஒன்றுதான் இருக்கிறதாம், சிநேகிதனிடம் அதுவும் இல்லை. நான் வர மாட்டேன் என்று சொல்லிவிட்டேன். முதல் கிழமையில் பனிச்சரிவுப் பயிற்சி வகுப்பு ஒன்றில் இருவரும் சேர்வதாகப் பேச்சு. அதற்குப் பிறகு, சரிவு குறைந்த, நடப்பவர்களுக்கு மட்டுமான ஓர் இடம் உங்களுக்குத் தெரிந்தால் சொல்லுங்கள். அந்தத் துணிப்பட்டையை வாடகைக்கு எடுக்கலாமா?

இராமகிருஷ்ணா றோட் அக்கா:

ஓம், ஸ்கீயோடு சேர்த்தே வாடகைக்குத் தருவார்கள். பட்டை உங்கள் ஸ்கீயின் அகலத்துக்கு வெட்டினதா என்று கடையிலேயே ஒட்டிப் பாருங்கள். இடத்தைப் பற்றி உள்பெட்டியில் எழுதுகிறேன், வரைபடத்தைத் திறந்து வைத்துக்கொள்ளுங்கள்.