மறு: ஏரியல் ரூஸ்டிங்குக்கு ‘வான்துயில்’ சரியா?

அக்கா வணக்கம். பறவை பறந்துகிட்டே ராத்திரிய கழிக்கறதுக்கு இங்கிலீஷ்ல ஏரியல் ரூஸ்டிங்னு சொல்றாங்கல்ல, அதுக்கு நீங்க சொன்ன ‘வான்துயில்’ கேக்க ரொம்ப அழகா இருக்கு, ஆனா நான் எழுதற ஆல்பைன் உழவாரன் (ஸ்விஃப்ட் பறவை) கட்டுரையில அத அப்படியே போட எனக்கு மனசு வரல, ஏன்னு சொல்லிடறேன்.

2013ல வந்த சுவிஸ் ஆய்வுல இந்தப் பறவை முதுகுல சின்ன டேட்டா லாகர் மாட்டி விட்டாங்க. அசைவு, உடம்போட சாய்வு, வெளிச்சம், இதத்தான் அது பதிஞ்சுது. மறு வருஷம் பிடிச்சு எடுத்துப் பாத்தா, மேற்கு ஆப்பிரிக்கா போயி அங்கயே குளிர்காலத்த கழிச்சிட்டு வர்ற வரைக்கும் 200 நாளுக்கு மேல எங்கயும் உக்காந்த தடயமே இல்ல. ஆனா தூங்குச்சாங்கறது லாகருக்குத் தெரியாதுல்ல? அதுக்கு மூளை அலைய பதியணும், அத 2016ல வந்த ஆய்வுல கலாபகஸ் தீவுல இருக்கற ஃப்ரிகேட்ங்கற கடல்பறவைக்குப் பண்ணாங்க, பறக்கறப்ப ஒரு நாளைக்கு சராசரி 42 நிமிஷம் தூங்குச்சுன்னு தெரிஞ்சுது. அதனால துயில்ங்கற சொல்ல அதுக்கு வச்சிக்கலாம், உழவாரனுக்கு ‘இறங்காப் பறப்பு’ன்னு போடலாம்ங்கறது என் எண்ணம்.

இன்னொன்னு. போன மழையில எங்க பெங்களூரு அல்சூர் வீட்டு மாடிப்படியில ஒரு நாட்டு உழவாரன் விழுந்து கெடந்துச்சு, கையில எடுத்தேன், நாலு விரலும் முன்பக்கமாவே இருக்கு, பின்விரலே இல்லாத மாதிரி, அப்புறம் எப்படி கம்பியில உக்காரும்? என் சட்டையில நகத்தால அப்பிக்கிட்டு தொங்குச்சு. மொட்டைமாடிக்குப் போயி கைய விரிச்சு ஒசத்துனேன், ரெண்டு தடவ நடுங்கிட்டு சட்டுனு போயிடுச்சு. ஆல்பைன் அதவிட ரொம்பப் பெருசு, றெக்கைய விரிச்சா அரை மீட்டருக்கு மேல, வெள்ளை வயிறு, ஆனா காலு இதே மாதிரிதான். அதோட குடும்பத்துக்கே கிரேக்கத்துல காலில்லாததுன்னுதான் பேரு. நம்ம சொல்லுலயும் அந்தக் காலு வந்தா நல்லா இருக்கும்னு தோணுது, எப்படின்னு புடிபடல.

---

தம்பி, துயில் வேணாங்கறத ஒத்துக்கறேன், நான் அவசரப்பட்டுட்டேன். ஆனா ‘இறங்கா’ தப்புப்பா. உழவாரன் ஏரி மேல தாழ வந்து பறந்துகிட்டே வாயத் தொறந்து தண்ணி அள்ளும், அது இறங்கறது இல்லாம வேறென்ன? காலு படாது, அவ்ளோதான். அப்ப ‘கால்படாப் பறப்பு’ன்னே வச்சிடு, நீ கேட்ட காலும் வந்துடுச்சு. ‘தகைவிலாப் பறப்பு’ன்னு கூட யோசிச்சேன், தகைவுன்னா தடை, இளைப்பு, பொருள் கச்சிதமா பொருந்துது, ஆனா தகைவிலான்ங்கற பேர ஸ்வாலோவுக்குக் குடுத்துட்டோமே, அது கரண்ட் கம்பியில வரிசையா உக்காந்திருக்கும், படிக்கிறவங்க கொழம்பிடுவாங்க.

ரூஸ்டிங்குக்கு நாம புதுசா தேடவே வேணாம். ஊர்ல பொழுது சாயறப்ப ‘கோழி அடையற நேரம்’னு சொல்லுவோமே, அதுல தூங்குச்சா இல்லையான்னு யாரும் சொல்றதில்ல, ராத்திரிக்கு ஒரு எடத்துல ஒடுங்குச்சு, அவ்ளோதான். ரூஸ்ட்டுங்கறதும் அதேதான். அதனால ‘வானடைவு’, என்ன சொல்ற?

---

அக்கா, ‘அடைதல்’ எனக்கு இவ்ளோ நாளா தோணவே இல்ல, எங்க ஆத்தா தெனமும் சொல்ற சொல்லு. ஆனா சேத்து ‘வானடைவு’ன்னு எழுதுனா வானத்தப் போயி அடையறதுன்னு படிச்சிடுவாங்க, ராக்கெட் கட்டுரைன்னு நெனச்சுக்குவாங்க. பிரிச்சு ‘வானில் அடைதல்’னு போட்டுடறேன், சுவிஸ் ஆய்வு வர்ற பத்தியில மட்டும் ‘கால்படாப் பறப்பு’. வலி மிகும்தானே, ‘ப்’ போட்டாச்சு. ஜோக் அருவி பாறையில இதே பறவை அடையறத பத்தி ஒரு பத்தி இருக்கு, அங்க ‘வானில்’ வராது, வெறும் ‘அடைதல்’ போதும், அத இன்னிக்கு ராத்திரியே மாத்திடறேன்.