சிஎக்ஸ்எஃப் இன்டர்செப்டர்: பிழைச் செய்தியை மாற்ற உதவி தேவை

வணக்கம் நண்பர்களே, மலேசியாவின் சுங்கை சிப்புட்டிலிருந்து எழுதுகிறேன். பக்கத்துத் தோட்டத்தில் செம்பனைக் குலைகளின் எடையைப் பதிய, இணையச் சேவைகளுக்கான ஜாவா கட்டமைப்பான அப்பாச்சி சிஎக்ஸ்எஃப்பில் ஒரு சோப் சேவை (எக்ஸ்எம்எல் செய்திகளால் பேசுவது) எழுதியிருக்கிறேன். வரும் எக்ஸ்எம்எல் விதிப்படி இருக்கிறதா என்று பார்க்கும் ஸ்கீமா சரிபார்ப்பும் உண்டு. எடையைப் பதியும் புலத்தில் எண்ணுக்குப் பதில் எழுத்து விழுந்துவிட்டால், மண்டோரின் (தோட்ட மேற்பார்வையாளரின்) கைப்பேசிக்கு 'அன்மார்ஷலிங் எர்ரர்', அதாவது எக்ஸ்எம்எல்லைத் தரவாக மாற்றுவதில் பிழை, என்று போகிறது. அவருக்கு அது எப்படிப் புரியும்? தமிழிலும் மலாயிலும் தெளிவாகச் சொல்ல வேண்டும்.

சேவைக்குள் பிழையைப் பிடிக்கும் ட்ரை-கேட்ச் போட்டுப் பயனில்லை. என் மெத்தடைத் தொடும் முன்பே, எக்ஸ்எம்எல்லைப் பிரிக்கும்போதே பிழை எழுந்துவிடுகிறது. அதனால் பிழைப் பதில் வெளியே போகும் அவுட் ஃபால்ட் சங்கிலியில், செய்தியை இடைமறித்து மாற்றும் சொந்த இன்டர்செப்டரைச் சேர்த்தேன். பதிலை எக்ஸ்எம்எல்லாக்கும் மார்ஷல் கட்டத்தில் வைத்தபோது பிந்திவிட்டது, ஃபால்ட்டை எழுதும் இன்டர்செப்டரும் அங்கேதான் இருக்கிறது. அதற்கு முந்தைய ப்ரீ ஸ்ட்ரீம் கட்டத்துக்கு நகர்த்தியதும் செய்தி மாறியது.

சரி, அப்புறம்தான் சிக்கல். எந்தப் புலம் தவறு என்பதை எக்ஸெப்ஷன் (நிரல் எழுப்பும் பிழை) வாசகத்தில் தேடாமல் எடுக்க வழி உண்டா? செய்து பார்த்தவர்கள் சொல்லுங்கள்.