நீலகிரி மலையிலிருந்து நாயோட அயர்லாந்து, பிரிட்டன் போறவங்களுக்கு: எந்த நாய்க்கு என்ன சட்டம்?

கேள்வி: கோத்தகிரி வீட்டுல 4 வயசு அல்சேஷன் (ஜெர்மன் ஷெப்பர்ட்) இருக்கு. அடுத்த வருஷம் குடும்பத்தோட டப்ளின் போறோம். அங்க அல்சேஷனுக்குத் தடைன்னு சொல்றாங்களே, உண்மையா அண்ணா?

பதில்: தடை இல்லம்மா, கட்டுப்பாடுதான். அயர்லாந்தோட 1998 விதிகள்ல ஒரு பட்டியல் இருக்கு. அல்சேஷன், ராட்வீலர், டாபர்மேன், அகிட்டா, ரிட்ஜ்பேக் எல்லாம் அதுல வருது. கலப்பும் சேர்த்திதான், அதனால "பாதி நாட்டு நாய்"னு சொல்லித் தப்ப முடியாது. வாசலைத் தாண்டினா மசில் (கடிக்காம இருக்க வாயில மாட்டுற மூடி) கட்டாயம். 2 மீட்டருக்கு மேற்படாத உறுதியான சங்கிலி இல்ல வார் போடணும், பட்டையில உங்க பேரும் முகவரியும் இருக்கணும். பிடிச்சிருக்கறவர் 16 வயசைத் தாண்டியிருக்கணும். பத்தாவது படிக்கிற பையன்கிட்ட கொடுத்து அனுப்புற வேலையெல்லாம் ஆகாது. முழுத் தடை எக்ஸ்எல் புல்லிங்கற பெரிய, கட்டுமஸ்தான நாய் வகைக்கு: 2024 அக்டோபர் 1 முதல் கொண்டுவரக் கூடாது, 2025 பிப்ரவரி 1 முதல் விலக்குச் சான்று இல்லாம வச்சிருக்கவே கூடாது.

மசிலை இங்கேயே பழக்கிடுங்க, அங்க போய்ப் பாத்துக்கலாம்னு விடாதீங்க. வாயை இறுக்கிக் கட்டுற துணி மசில் வேண்டாம். நாய் நாக்கைத் தொங்கப்போட்டு மூச்சு வாங்கித்தான் உடம்புச் சூட்டைத் தணிக்கும், அதுல அது முடியாது. கூடை மாதிரி இருக்கறதை வாங்குங்க. கண்ணுக்குக் கீழே ஒரு விரல் தள்ளி மூக்கின் சுற்றளவு, அங்கிருந்து மூக்கு நுனி வரை நீளம், ரெண்டையும் அளந்துக்கோங்க. வாயை நல்லா திறக்க இடம் வேணும். முதல்ல கூடைக்குள்ள தயிரைத் தடவி நக்க விடுங்க. தானா மூக்கை விட்ட பிறகு அஞ்சு விநாடி வாரை மாட்டிக் கழட்டுங்க, மெல்ல நேரத்தைக் கூட்டுங்க. முதல் நாளே மாட்டித் தெருவுக்கு இழுத்துட்டுப் போனா, காலால பிராண்டிக் கழட்டப் பாக்கும். அப்புறம் மசிலைக் கண்டாலே ஓடும்.

பயண வேலையில வரிசை முக்கியம். முதல்ல மைக்ரோசிப் (தோலுக்கடியில வைக்கிற அடையாளச் சிப்), அதுக்கப்புறம்தான் வெறிநாய்த் தடுப்பூசி. சிப்புக்கு முன்னாடி போட்ட ஊசி கணக்கில வராது. ஊசி போட்டு 30 நாள் கழிச்சு ரத்தம் எடுத்து, அங்கீகாரம் பெற்ற ஆய்வகத்துக்கு அனுப்பணும். ரத்தத்துல வெறிநாய் நோய்க்கான எதிர்ப்புச் சக்தி மில்லிக்கு குறைஞ்சது 0.5 IU (அளவீட்டு அலகு) இருக்கணும். ரத்தம் எடுத்த தேதியிலிருந்து 3 மாசம் காத்திருக்கணும். ஆக, எப்படியும் நாலு மாசத்துக்குக் குறையாது, ஆறு மாசம் வச்சுக்கறது நல்லது. போய்ச் சேர்றதுக்கு முன்னாடி 24 முதல் 120 மணி நேரத்துக்குள்ள டாக்டர் கையால நாடாப்புழு மருந்து கொடுத்துச் சான்றில பதியணும்.

இன்னொருவர்: பிரிட்டனுக்கும் இதே வரிசைதான், ஆனா சட்டம் வேற மாதிரி. அல்சேஷன், ராட்வீலருக்கு அங்க இனத் தடை கிடையாது. தடை பிட்புல், தோசா, டோகோ அர்ஜென்டினோ, ஃபிலா பிரேசிலேரோ, எக்ஸ்எல் புல்லி இந்த அஞ்சுக்கும்தான். ஆனா காகிதத்துல என்ன இனம்னு பாக்க மாட்டாங்க, உருவத்தையும் அளவையும்தான் பாப்பாங்க. போலீஸ் பிடிச்சா, இது அந்த வகை இல்லைன்னு நிரூபிக்க வேண்டியது உங்க பொறுப்பு. அகலமான பெரிய தலையோட கட்டுமஸ்தா இருக்கற கலப்பு நாய்னா ரொம்ப யோசிச்சுக் கொண்டு போங்க.

நம்ம ஊர் நாய்களுக்கு நிஜமான சிக்கல் பிரிட்டனோட 1991 ஆபத்தான நாய்கள் சட்டத்தோட 3-வது பிரிவு. அது எல்லா நாய்க்கும் பொருந்தும், உங்க வீட்டுக்குள்ளேயும் பொருந்தும். கடிக்கணும்னு இல்ல, கடிச்சிடுமோன்னு ஒருத்தர் நியாயமா பயந்தாலே குற்றம். "ஒண்ணும் பண்ணாதுங்க"ன்னு கேட்டுல நின்னு குரல் கொடுக்கறது அங்க பதில் ஆகாது. இங்கிலாந்து, வேல்ஸ்ல காயம் பட்டா 5 வருஷம், உயிர் போனா 14 வருஷம் வரை சிறை. இன்னொண்ணு, காட்டெருமையை விரட்டிப் பழகின எஸ்டேட் நாய் அங்க ஆட்டு மந்தையைப் பாத்தா சும்மா இருக்காது. மந்தையைக் காப்பாத்த வேற வழி இல்லைன்னா பண்ணைக்காரர் சுட்டாலும் சட்டம் அவருக்குத் துணை நிக்கும். கிராமப்புறத்துல வாரை அவுக்காதீங்க.

கேள்வி: ஜெர்மனிக்கு ராட்வீலர்?

பதில்: நாட்டுக்குள்ள விடுவாங்க. இறக்குமதித் தடை பிட்புல், அமெரிக்கன் ஸ்டாஃபோர்ட்ஷயர், ஸ்டாஃபோர்ட்ஷயர் புல் டெரியர், புல் டெரியர் நாலுக்கும், அதுங்க கலப்புக்கும்தான். ஆனா மாநிலத்துக்கு மாநிலம் விதி மாறும். பவேரியாவுல ராட்வீலர் இரண்டாம் பட்டியல்ல இருக்கு, குணப் பரிசோதனையில தேறிச் சான்று வாங்கணும். வேலை எந்த ஊர்ல கிடைக்குதுன்னு தெரிஞ்ச பிறகு அந்த நகராட்சிக்கு மெயில் போட்டுக் கேளுங்க. பதில் எழுத்துல வர்ற வரைக்கும் டிக்கெட் போடாதீங்க.