சவரக் கத்தி வாங்கப் போகிறேன்: ஐயாயிரத்துக்குள் எதைப் பார்த்து எடுப்பது?

மேடவாக்கத்துக்காரன்:

எல்லாருக்கும் வணக்கம். வயது 38. வீடு மேடவாக்கம், வேலை சிறுசேரியில். தாடி கம்பி மாதிரி, கழுத்துப் பக்கம் சுருண்டு சுருண்டு வளரும். பத்து வருடமாக மூன்று பிளேடு, ஐந்து பிளேடு என்று மாற்றிப் போட்டதில் கழுத்து முழுக்கச் சின்னச் சின்னக் கட்டிகள். போன மாதம் தோல் டாக்டரைப் பார்த்தேன். அடுக்கு பிளேடு முடியைத் தோல் மட்டத்துக்கும் கீழே வெட்டிவிடுகிறது, சுருட்டை முடி வெளியே வர வழி தெரியாமல் உள்ளேயே வளைந்து குத்துகிறது, ஒற்றை பிளேடுக்கு மாறுங்கள் என்றார். அவர் சொன்னது சாதாரண சேஃப்டி ரேசரை. என் ஆசைதான் வேறு பக்கம் போய்விட்டது.

சின்ன வயதில் அப்பா சைதாப்பேட்டையில் ஒரு சலூனுக்குக் கூட்டிப் போவார். நாற்காலிக் கைகளின் குறுக்கே பலகை போட்டு என்னை உட்கார வைப்பார்கள். பக்கத்து நாற்காலியில் அப்பாவுக்குச் சவரம். கத்தியைத் தோல்வாரில் இப்படியும் அப்படியும் தீட்டுகிற அந்தச் சத்தம் இன்னும் காதில் இருக்கிறது. அந்தக் கத்தி எனக்கு வேண்டும். மடக்குகிற, தீட்டித் தீட்டிப் பயன்படுத்துகிற நிஜக் கத்தி.

ஆன்லைனில் தேடினால் தலை சுற்றுகிறது. 1,200 ரூபாய்க்கு டமாஸ்கஸ் என்று ஒன்று, கைப்பிடி ரோஸ்வுட், பார்க்க அம்சமாக இருக்கிறது. ஜெர்மனிக் கத்தி புதிதாக எடுத்தால் என் பட்ஜெட்டைத் தாண்டுகிறது. 5/8, 6/8, ஃபுல் ஹாலோ, கார்பன், ஸ்டெயின்லெஸ் என்று எழுதியிருப்பதில் பாதி புரியவில்லை. ஐயாயிரம் ஒதுக்கியிருக்கிறேன். எதைப் பார்த்து வாங்குவது? தீட்டுவது யார்? எங்கள் தெருவில் சனிக்கிழமை சைக்கிளில் சாணை பிடிப்பவர் வருகிறார், அவரிடம் கொடுக்கலாமா?

வீட்டில் விஷயத்தைச் சொன்னேன். "முதல்ல பேங்க் அக்கவுண்ட்ல நாமினி பேரைச் சேர்த்துட்டு வாங்குங்க" என்று பதில் வந்தது.

ராத்திரி ஷிஃப்ட்:

ப்ரோ, டாக்டர் சொன்னதையே செய்யலாமே. நல்ல சேஃப்டி ரேசர் ஒன்று, பிளேடு பாக்கெட் ஒன்று, ஆயிரத்துச் சில்லறையில் முடிந்துவிடும். நான் நாலு வருடமாக அதுதான். கழுத்தில் ஒரு கட்டி கிடையாது. காலையில் ஆறரைக்குக் கம்பெனி பஸ் பிடிக்கிறவனுக்குத் தோல்வார் தீட்ட ஏது நேரம்? ஆசை என்றால் சரி, ஆசைக்கு மருந்தில்லை.

பெரம்பூர் ஃபிட்டர்:

தம்பி, உங்கள் கடைசிக் கேள்வியிலிருந்து வருகிறேன். சைக்கிள் சாணைக்காரரிடம் கொடுக்கவே கொடுக்காதீர்கள். அவர் மேல் ஒரு குறையும் இல்லை; அரிவாள்மனைக்கும் கத்தரிக்கோலுக்கும் ஏற்ற கல் அது. சவரக் கத்தியின் வாய் அவ்வளவு மெல்லிசு, சுற்றுகிற கல்லில் பட்டதும் சூடேறி நீலம் பாய்ந்துவிடும். எஃகில் நீலம் தெரிந்தால் சூடு 300 டிகிரியை எட்டிவிட்டது என்று அர்த்தம். பதம் போச்சு, அப்புறம் எவ்வளவு தீட்டினாலும் கூர் நிற்காது.

இது நான் காசு கொடுத்துக் கற்ற பாடம். ஐ.சி.எஃப். ரயில் பெட்டித் தொழிற்சாலையில் அப்ரண்டிஸாக இருந்தபோது, 1984இல், பழைய மூர் மார்க்கெட்டில் பன்னிரண்டு ரூபாய்க்கு ஜெர்மனியின் சோலிங்கன் ஊர்க் கத்தி ஒன்று எடுத்தேன். பெருமையாக வீட்டுக்குக் கொண்டுவந்து, தெருவில் வந்த சாணைக்காரரிடம் நீட்டினேன். அடுத்த வருடம் மே மாதம் மூர் மார்க்கெட்டே எரிந்துபோனது. என் கத்தியை நான் அதற்கு முன்பே எரித்துவிட்டேன்.

அடுத்தது உங்கள் ஐயாயிரம். அதை மொத்தமாகக் கத்திக்கு ஒதுக்கியிருக்கிறீர்கள், அங்கேதான் இடிக்கிறது. பாதியைக் கல்லுக்கும் வாருக்கும் எடுத்து வையுங்கள். வார் இல்லாத சவரக் கத்தி, திரி இல்லாத விளக்கு.

இப்போது கத்தி. முப்பத்தைந்து வருடம் டூல் ரூமில் இருந்தவன் என்பதால் எனக்கு முதலில் கண்ணில் படுவது முதுகுதான். கத்தியைக் கல்லில் படுக்க வைத்துத் தீட்டும்போது முதுகும் வாயும் சேர்ந்தே கல்லைத் தொட வேண்டும். எவ்வளவு கோணத்தில் பிடிப்பது என்று நீங்கள் யோசிக்கவே வேண்டாம், முதுகின் தடிமனே கோணத்தை முடிவு செய்துவிடுகிறது. 5/8 என்றால் கத்தியின் அகலம் ஓர் அங்குலத்தில் எட்டில் ஐந்து பங்கு, கிட்டத்தட்ட 16 மில்லிமீட்டர். அதற்கு முதுகு நாலரை மில்லி இருந்தால் வாயில் கிடைப்பது சுமார் 16 டிகிரி. நாங்கள் ஜிக் என்கிற பிடிப்புச் சட்டம் செய்து பிடிக்கிற கோணத்தை, இதைக் கண்டுபிடித்த மகராசன் கத்திக்குள்ளேயே வைத்துவிட்டான். இதை நினைத்து நான் ஆச்சரியப்படாத நாள் இல்லை.

ஆகவே முதுகு கோணலாக இருந்தால் கதை முடிந்தது. கையில் ஒரு தடித்த கண்ணாடித் துண்டு எடுத்துக்கொண்டு போங்கள். கத்தியை அதில் படுக்க வைத்து, ஒரு முனையை விரலால் லேசாகத் தட்டுங்கள். நொண்டி ஸ்டூல் மாதிரி ஆடினால் வைத்துவிட்டு வாருங்கள். பழைய கத்தியாக இருந்தால் முதுகில் தேய்ந்த பட்டை இரண்டு பக்கமும் ஒரே அகலத்தில் ஓடுகிறதா பாருங்கள். ஒரு பக்கம் அதிகமாகத் தேய்ந்திருந்தால் யாரோ அழுத்தித் தீட்டியிருக்கிறார்கள். வாய் நேர்க்கோடாக இருக்கலாம், நடுவில் லேசாக வெளியே வளைந்தும் இருக்கலாம். உள்ளே குழிந்திருந்தால் வேண்டாம். கத்தியின் பக்கவாட்டில் துருப் புள்ளிகள் இருந்தால் பரவாயில்லை, வாய் ஓரத்தில் இருந்தால் தொடாதீர்கள். மயிரிழை விரிசல் இருந்தால் இலவசமாகக் கொடுத்தாலும் வேண்டாம். கடைசியாக மடக்கிப் பாருங்கள், கைப்பிடியின் நட்டநடுவில் இறங்க வேண்டும். பக்கத்தில் இடித்தால் என்றைக்காவது வாய் உடையும்.

அந்த டமாஸ்கஸை விட்டுவிடுங்கள். அந்த விலைக்கு வருவது மேலே கோலம், அவ்வளவுதான். கோலத்தால் முடி வெட்டுப்படாது.

உங்களுக்கு நான் சொல்வது: பழைய சோலிங்கன் அல்லது இங்கிலாந்தின் ஷெஃபீல்டு, 5/8 அல்லது 6/8, மூக்கு, அதாவது கத்தியின் நுனி, உருண்டையாக இருக்கட்டும். சதுர மூக்கு மீசை ஓரத்துக்கு வசதி, ஆனால் புதிதாகப் பிடிப்பவரின் காதை முதலில் தேடும். ஹாலோ என்பது இரண்டு பக்கமும் வயிறு உள்வாங்கி இருப்பது. ஃபுல் ஹாலோ ரொம்ப மெல்லிசு, முடியை வெட்டும்போது பாடும், கம்பித் தாடியில் அழுத்தினால் வளையும். உங்களுக்கு அரை ஹாலோ சரி. சோலிங்கன் என்ற பெயரை அந்த ஊர்ச் சரக்கில் மட்டும்தான் போடலாம் என்று ஜெர்மனியில் 1938லேயே சட்டம் வந்துவிட்டது. போலி அடிப்பவன் சட்டம் படிப்பதில்லை என்பதால் முத்திரையை நம்பாமல் கண்ணாடியை நம்புங்கள்.

யார் தீட்டினார்கள் என்று விற்பவரிடம் கேளுங்கள். 'ஷேவ் ரெடி' என்று பெட்டியில் போட்டிருப்பது போதாது. கல்லின் எண் கூடக் கூட அது நைசு. 1000 கல்லில் வாய் அமைத்து, 4000 அல்லது 5000, பிறகு 8000, முடிந்தால் 12000 வரை போக வேண்டும். எந்தக் கல்லில் முடித்தார் என்று சொல்லத் தெரியாதவரிடம் வாங்க வேண்டாம். முதலிலேயே இப்படித் தீட்டி முடித்த கத்தியாக வாங்கிவிட்டால், ஆரம்பத்தில் உங்களுக்கு 8000 கல் ஒன்று போதும்.

வாருக்குப் பெரியமேடு போங்கள். தோல் கடைகளில் குரோம் உப்பில் பதனிட்ட சரக்கைத்தான் முதலில் எடுத்துப் போடுவார்கள். அது மெத்தென்று இழுபடும், வேண்டாம். மரப்பட்டையில் பதனிட்ட தோல் கேளுங்கள். ஒரு காலத்தில் ஆவாரம்பட்டையில் பதனிட்ட நம் ஊர்த் தோல் கப்பல் ஏறியது, ஈ.ஐ. (ஈஸ்ட் இந்தியா) தோல் என்று வியாபாரத்தில் இன்னும் பெயர் இருக்கிறது. இரண்டரை மூன்று அங்குல அகலம், ஒன்றரை அடி நீளம் போதும். தொங்கவிட வேண்டாம், மரப்பலகையில் ஒட்டிவிடுங்கள். தொங்குகிற வாரில் புதியவர் கத்தியைத் திருப்பும்போது தோலை வெட்டிவிடுவார். பலகையின் மறுபக்கம் பழைய ஜீன்ஸ் துணி. துணியில் இருபது இழுப்பு, தோலில் நாற்பது. முதுகு முன்னே போக வேண்டும், வாய் பின்னால் வர வேண்டும், ஓரத்தில் முதுகின் மேல் புரட்ட வேண்டும். அழுத்தம் கூடாது.

துருவைப் பற்றி ஒன்று. எனக்குக் கார்பன் எஃகுதான் பிடிக்கும், சீக்கிரம் கூர் ஏறும். ஆனால் நம் ஊர் ஐப்பசி கார்த்திகைக் காற்றில் ஒரே ராத்திரியில் புள்ளி போடும். சவரம் முடிந்ததும் துடைத்து, தையல் மெஷின் எண்ணெய் ஒரு சொட்டு. தேங்காய் எண்ணெய் வேண்டாம், நாளாக ஆகப் பிசுக்காகும். பாத்ரூமில் வைக்காதீர்கள், தோல் உறையிலும் வைக்காதீர்கள், இரண்டும் ஈரத்தைப் பிடித்து வைக்கும். இதெல்லாம் முடியாது என்றால் ஸ்டெயின்லெஸ் எடுங்கள்.

மேடவாக்கத்துக்காரன்:

சார், ரொம்ப நன்றி. இரண்டு தடவை படித்தேன். ஒரு சந்தேகம்: சலூன்களில் இப்போது இந்தக் கத்தியே கண்ணில் படுவதில்லையே, ஏன்? பாதி பிளேடு மாட்டுகிற கத்தியில் முதலில் பழகிவிட்டு இதற்கு வரலாமா?

வில்லிவாக்கம் சலூன்:

சார், நான் இருபத்திரண்டு வருடமாகத் தொழிலில் இருக்கிறேன். எங்கள் அப்பா வாரில் தீட்டியவர். எய்ட்ஸ் பயம் வந்த காலத்தில் வாடிக்கையாளர்களே "புது பிளேடு போடுப்பா" என்று கேட்க ஆரம்பித்தார்கள். அதில் நியாயமும் இருக்கிறது. ஒருவருக்குச் சவரம் செய்த கத்தியை அடுத்தவருக்கு எடுக்கும் முன் முறையாகச் சுத்தம் செய்ய எந்த சலூனில் நேரம் இருக்கிறது? காகிதத்தோடு பிளேடை இரண்டாக உடைத்து, ஆளுக்குப் பாதி. உங்கள் வீட்டுக் கத்தி உங்களுக்கு மட்டும்தான் என்றால் அந்தப் பிரச்சனை இல்லை. செகண்ட் ஹேண்ட் வாங்கினால் மட்டும் முதலில் சோப்புப் போட்டுக் கழுவி, ஸ்பிரிட்டில் நன்றாகத் துடையுங்கள்.

பாதி பிளேடில் பழகிவிட்டு வரலாமா என்றால், என் கணக்கில் வேண்டாம். அதில் எடை இல்லை, பிளேடு சின்னது, முரட்டுக் கூர், சின்னத் தப்பையும் மன்னிக்காது. எங்களுக்குக் கை பழகிவிட்டது. நிஜக் கத்தியின் கனமே பாதி வேலையைச் செய்யும், நீங்கள் தள்ள வேண்டியதில்லை.

முதல் மாதம் கன்னம் மட்டும். வலது கையால் வலது கன்னம் செய்யுங்கள், இடது கன்னத்துக்குக் கை மாற்றினால் நல்லது. கழுத்துக்கும் தாடைக்கும் பழைய ரேசரே இருக்கட்டும். குளித்துவிட்டு உடனே உட்காருங்கள், முடி ஊறியிருக்கும். கத்தியைத் தோலுக்கு முப்பது டிகிரி சாய்வில் வைத்து, அடுத்த கையால் தோலை இழுத்துப் பிடியுங்கள். இழுத்துப் பிடிக்கிற கைதான் முக்கியம், கத்தி பிடிக்கிற கை இல்லை. முடி வளர்கிற திசையிலேயே போங்கள். உங்கள் கழுத்துக்கு எதிர்த்திசை என்றைக்குமே வேண்டாம்.

இன்னொன்று. மேடவாக்கம் என்கிறீர்கள், போர் தண்ணீர் உப்பாக இருந்தால் நுரையே நிற்காது. எவ்வளவு நல்ல கிரீமும் மோராகிவிடும். ஒரு டம்ளர் கேன் தண்ணீர் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள், அது போதும். முடிந்ததும் படிகாரக் கல்.

மேடவாக்கத்துக்காரன்:

நுரை நிற்காததற்கு இத்தனை வருடமாக பிரஷ்ஷைத் திட்டிக்கொண்டிருந்தேன். சரி, முடிவு செய்துவிட்டேன். வரும் சனிக்கிழமை பெரியமேடு, வார் முதலில். ஷெஃபீல்டு 6/8 ஒன்று பழையது பார்த்திருக்கிறேன், விற்பவர் 12000 கல்லில் முடித்தது என்கிறார், நேரில் காட்டவும் தயார். நாமினி படிவமும் கொடுத்தாகிவிட்டது.

பெரம்பூர் ஃபிட்டர்:

6/8 என்றால் முதுகும் அதற்கேற்பத் தடித்திருக்க வேண்டும், ஐந்தேகால் மில்லி பக்கம். தடிமன் அளக்கிற வெர்னியர் இருந்தால் கொண்டு போங்கள். கட்டைவிரலைக் குறுக்கே இழுத்துக் கூர் பார்க்க வேண்டாம், முன்கை முடியில் தோலைத் தொடாமல் மேலாக ஓட்டிப் பாருங்கள், முடி நுனி துள்ளி விழ வேண்டும். கண்ணாடித் துண்டு மறந்துவிடாதீர்கள். கண்ணாடிக் கடையில் ஓரத்தைத் தேய்த்து வாங்குங்கள், கத்தியைப் பார்க்கப் போய் கண்ணாடியில் கையை வெட்டிக்கொண்டு வந்த ஆளும் இங்கே இருக்கிறேன்.