ஆப் விக்க கம்பெனி பேர்: சிஐபிசி ஓகே சொல்லிட்டா போதுமா?

சாட்ஸ்வர்த்_தம்பி:
எல்லாருக்கும் வணக்கம். டர்பன் பக்கம் இருக்கேன். ராத்திரில உக்காந்து ஒரு பஞ்சாங்க ஆப் எழுதிட்டிருக்கேன். எங்க வீட்ல இன்னும் சென்னை காலண்டர பாத்து மூணரை மணி நேரம் கழிச்சு கணக்கு போடறாங்க, அதுவும் ராகுகாலத்துக்கு சரியா வராது ஏன்னா சூரிய உதயமே வேற. அதனால டர்பன் உதயத்த வச்சே திதி, புரட்டாசி சனி, காவடி தேதி எல்லாம் காட்டற மாதிரி பண்ணிருக்கேன். இதுக்கப்புறம் இன்னும் ரெண்டு மூணு ஆப் ஐடியா இருக்கு, எல்லாமே காசுக்குதான், ப்ளே ஸ்டோர் ஆப்பிள் ரெண்டுலயும்.

கம்பெனிக்கு பேர் வைக்கணும். மூணு யோசிச்சேன். "டர்பன் தமிழ் ஆப்ஸ்". "கூழ்" (ஆடி மாச மாரியம்மன் கூழ் நினைப்புல). மூணாவது பசங்க சொன்னது, "கூழ்கிள்" 😀. இதுல எது வச்சா பின்னாடி வக்கீல் நோட்டீஸ் வராது? சிஐபிசில (இங்க தென்னாப்பிரிக்கால கம்பெனி பதியற அரசு ஆபீஸ்) பேர் கிடைச்சிட்டா சேஃப்தானே?

மிட்ராண்ட்_வாசி:
இல்ல தம்பி. சிஐபிசில பேர் ரிசர்வ் பண்ணறது 50 ரேண்ட், முன்னுரிமைப்படி நாலு பேர் வரைக்கும் குடுக்கலாம், ஓகே ஆனா ஆறு மாசம் உனக்காக வச்சிருப்பாங்க. அவ்ளோதான் அது. பிடிஒய் கம்பெனி, அதாவது நம்மூர் பிரைவேட் லிமிடெட் மாதிரி, பதிவு 125 ரேண்ட். பேரே இல்லாமக்கூட பதியலாம், அப்ப பதிவு நம்பரே கம்பெனி பேராயிடும், 07ல முடியுமே அந்த நம்பர். அவசரம்னா அப்படி பதிஞ்சிட்டு பேர அப்புறமா மாத்திக்கோ. "பேங்க்"னு எந்த வார்த்தையும் வராம பாத்துக்க, அதுக்கு தனி அனுமதி வேணும். கூழ்கிள் செம, ஆனா வேணாம் 😂

பீனிக்ஸ்_அக்கா:
நான் வக்கீல் இல்ல, வக்கீல் ஆபீஸ்ல ட்ரேட்மார்க் பைல் பாக்கறவ, அதனால இத ஒரு அக்கா சொல்ற பேச்சா மட்டும் எடுத்துக்கப்பா.

சிஐபிசி கம்பெனி பேருக்கு ஓகே சொல்றதுக்கு அர்த்தம், அந்தப் பேர்ல இல்ல குழப்பற அளவு கிட்டத்தட்ட அந்தப் பேர்ல ஏற்கனவே கம்பெனி இல்லன்னு அவங்க நினைக்கறாங்க, அவ்வளவுதான். அந்தப் பேர்ல நீ பொருள் விக்கலாமா கூடாதாங்கறது ட்ரேட்மார்க் சட்டம், 1993ல வந்த 194ஆம் நம்பர் சட்டம், அது தனி ரெஜிஸ்டர். உன் கம்பெனி சர்டிபிகேட்ட தூக்கிட்டு போய் கோர்ட்ல காட்டினா ட்ரேட்மார்க் வச்சிருக்கறவன் முன்னாடி அது நிக்காது. பதிவே பண்ணாதவன்கூட வரலாம், பல வருஷமா அதே பேர்ல யாவாரம் பண்ணி பேர் வாங்கினவன் பாஸிங் ஆஃப்னு, அதாவது என் சரக்குன்னு ஜனங்கள நம்ப வைக்கறான்னு, கேஸ் போடுவான். கம்பெனி பேர் மேலயே தகராறுன்னா கம்பெனிகள் ட்ரிப்யூனல்னு ஒன்னு இருக்கு, அங்கேயும் இழுக்கலாம்.

கூழ்கிள் பத்தி சிரிக்காம கேளுங்க. மெக்டொனால்ட்ஸ் கதை தெரியும்ல? 1968லயே இங்க பேர பதிஞ்சு வச்சிருந்தாங்க ஆனா கடை ஒன்னும் திறக்கல. ஜோபர்க்ல ஒருத்தர் அஞ்சு வருஷத்துக்கு மேல உபயோகிக்காத மார்க்க ரெஜிஸ்டர்லேர்ந்து எடுங்க, அந்தப் பேர்ல நான் கடை போடறேன்னு கிளம்பினார். விஷயம் ப்ளூம்ஃபாண்டெய்ன் வரைக்கும் போச்சு, 1996ல அப்பீல் கோர்ட் மெக்டொனால்ட்ஸ் பக்கம் தீர்ப்பு குடுத்திடுச்சு, இங்க கடை இல்லன்னாலும் ஊர் உலகத்துக்கே தெரிஞ்ச மார்க்குன்னு. கடையே இல்லாதவனுக்கு அந்த பாதுகாப்புன்னா தினமும் எல்லாரும் கையில வச்சிருக்கற கூகிளுக்கு எவ்ளோ இருக்கும்? நக்கலுக்கு வச்சேன்னு சொன்னா ஒரு டீஷர்ட்டுக்கு வேணா வாதம் பண்ணி பாக்கலாம், அதே சாப்ட்வேர் யாவாரத்துல முடியாது. போதாக்குறைக்கு அவங்க ஸ்டோர்லயே அத கொண்டு போய் வைக்கப் போறே!

டர்பன் தமிழ் ஆப்ஸ் வேற மாதிரி தொல்லை. யாரும் உன் மேல கேஸ் போட மாட்டாங்க, நீயும் யார் மேலயும் போட முடியாது. ஊர், மொழி, பொருள் மூணும் சேந்த வெறும் வர்ணனை, ட்ரேட்மார்க்கா பதிய மாட்டாங்க. நாளைக்கு எதிர்வீட்டுக்காரன் டர்பன் தமிழ் ஆப் ஸ்டோர்னு ஆரம்பிச்சா பாத்துட்டு உக்காந்திருக்க வேண்டியதுதான்.

தேடறதுக்கு, சிஐபிசி சைட்ல ட்ரேட்மார்க் பக்கம், அப்புறம் வைப்போவோட (ஐநாவோட அறிவுசார் சொத்து அமைப்பு) குளோபல் பிராண்ட் டேட்டாபேஸ், அது இலவசம். ட்ரேட்மார்க்க பொருள் வகைவாரியா பதிவாங்க, அந்த வகைக்குதான் கிளாஸ்னு பேர். டவுன்லோட் ஆப்னா கிளாஸ் 9, சந்தா கட்டி நெட்லயே ஓடற சர்வீஸ்னா 42. ஒரு கிளாஸுக்கு விண்ணப்பம் 590 ரேண்ட். முடிய ஒரு வருஷத்துக்கு மேல இழுக்கும், பேடன்ட் ஜர்னல்ல போட்டு மூணு மாசம் எதிர்ப்புக்கு விடுவாங்க, கிடைச்சா பாதுகாப்பு விண்ணப்பம் போட்ட தேதிலேர்ந்து, பத்து வருஷத்துக்கு ஒருக்கா புதுப்பிக்கலாம். அதுவரைக்கும் வட்டத்துக்குள்ள ஆர் போடாதே, பதியாத மார்க்குக்கு அத போடறது இங்க குற்றம்.

கோட்_மாமா:
அக்கா சொன்னதோட ஸ்டோர் சமாச்சாரம் ரெண்டு. ஆப்பிள்ல தனிநபர் அக்கவுண்ட் எடுத்தா விக்கறவர் இடத்துல உன் சொந்தப் பேர்தான் வரும், நீ வச்ச பேர் வராது. கம்பெனி பேர் வரணும்னா பதிஞ்ச கம்பெனி இருக்கணும், டன்ஸ் நம்பர் (கம்பெனிய அடையாளம் காட்டற உலகளாவிய நம்பர்) வேணும், சும்மா வியாபாரப் பேர் வச்சிருக்கேன்னா எடுத்துக்க மாட்டான். வருஷம் 99 டாலர். கூகிள் ஒரே தடவ 25 டாலர், ஆனா தனிநபரா இருந்து காசுக்கு வித்தா உன் முழு அட்ரஸும் ஸ்டோர்ல எல்லாருக்கும் தெரியும். அதனால எப்படியும் பிடிஒய் போடறதுதான் புத்தி, வருஷா வருஷம் சிஐபிசிக்கு ரிட்டர்ன் மட்டும் மறக்காம போட்டுரு.

இன்னொன்னு, ஆப் பேரும் கம்பெனி பேரும் ஒன்னா இருக்கணும்னு அவசியம் இல்ல. ஆப்புக்கு பஞ்சாங்கம்ங்கற மாதிரி பொதுவான வார்த்தையே வைக்கலாம், 30 எழுத்துக்குள்ள இருக்கணும். தனிச்சு நிக்க வேண்டியது கம்பெனி பேர்.

சாட்ஸ்வர்த்_தம்பி:
ரொம்ப நன்றி அக்கா, மாமா. அப்ப கூழ்தான்! சாப்ட்வேருக்கும் கூழுக்கும் சம்பந்தமே இல்ல, வர்ணனைன்னு சொல்ல முடியாதுல்ல? இங்கிலீஷ்ல கே ரெண்டு ஓ எல் போட்டுக்கறேன்.

பீனிக்ஸ்_அக்கா:
அங்கதான் மாட்டுவே. வர்ணனை இல்ல, அது சரி. ஆனா இங்க கோர்ட் எழுத்த மட்டும் பாக்காது, கண்ணுக்கு எப்படி, காதுக்கு எப்படி, அர்த்தம் எப்படின்னு மூணையும் பாக்கும். நம்ம பிள்ளைங்கள்ல பாதி பேருக்கு தமிழ் படிக்க வராது, அவங்க காதுல அது "கூல்"தான். கூல்னு ஆரம்பிக்கற மார்க் கிளாஸ் 9ல எத்தனை இருக்குன்னு ஒரு தடவ தேடிப் பாரு. கடைசி எழுத்துக்கு இசட்எச் போட்டாலும் வாயால சொல்றப்ப அதே கதைதான், கொஞ்சம் வித்தியாசம் கிடைக்கும், அவ்ளோதான்.

கோட்_மாமா:
இந்தியாலயும் விக்கப்போறேல்ல? இங்க பதிஞ்சது அங்க செல்லாது. தென்னாப்பிரிக்கா மாட்ரிட் ஒப்பந்தத்துல இல்ல, அதனால ஒரே விண்ணப்பத்துல பல நாடுங்கற வசதி நமக்கு கிடையாது, நாட்டுக்கு நாடு தனியா போடணும். இங்க போட்ட ஆறு மாசத்துக்குள்ள அங்க போட்டா இங்க போட்ட தேதியே அங்கயும் கணக்கு. முதல்ல எங்க நிஜமா விக்குதுன்னு பாத்துட்டு காச இறக்கு.

சாட்ஸ்வர்த்_தம்பி:
சரி, புதுசா ஒன்னு தோணுது, பாட்டி ஊர் பேர பாதியா வெட்டி இன்னொன்னோட ஒட்டினது, தேடினா எங்கயும் வரல, இருங்க சொல்றேன்

பீனிக்ஸ்_அக்கா:
டேய் இங்க எழுதாதே! முதல்ல 50 ரேண்ட் கட்டி ரிசர்வ் பண்ணு, டாட் கோ டாட் இசட்ஏ வெப்சைட் பேர் வாங்கு, ட்ரேட்மார்க் விண்ணப்பத்த போடு. அப்புறம் வந்து சொல்லு.